பேஸ்மென்றுக்குள் தண்ணீர்: எப்போது வருகிறது என்று பார்த்தால் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்

ரொறன்ரோப் பக்கம் ஒரு வீட்டின் பேஸ்மென்ற் ஈரமானால் காதில் விழும் முதல் ஆலோசனை பெரும்பாலும் இதுதான்: "அண்ணை, சுத்திவரக் கிண்டி வீப்பிங் டைல் மாத்தினால்தான் சரிவரும்." வீப்பிங் டைல் என்பது அத்திவாரத்தைச் சுற்றி நிலத்துக்குள் கிடக்கும் வடிகால் குழாய். சில வீடுகளுக்கு அந்த ஆலோசனை உண்மை. வேறு பல வீடுகளில், கூரைப் பீலியின் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயைச் சுவரிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். முதல் வேலைக்குப் பத்தாயிரக்கணக்கில் டொலர் போகும். இரண்டாவதற்கு ஒரு பிளாஸ்ரிக் குழாயின் விலைதான்.

எந்த வேலை உங்கள் வீட்டுக்குத் தேவை என்று முடிவெடுக்க ஒரு கேள்வி போதும்: தண்ணீர் எப்போது வந்தது? எங்கே தெரிகிறது என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் சுவருக்குப் பின்னால் பல அடி ஊர்ந்துபோய் வேறெங்கோ தலைகாட்டும். நேரத்தில் அப்படி ஏமாற்றாது. மழை கொட்டும்போதே வந்ததா, மழை நின்று மறுநாள் வந்ததா, பனி உருகும் மார்ச்சில் வந்ததா, மழையே இல்லாத ஜூலை வெயிலில் வந்ததா? ஒரு கொப்பியில் திகதி, மழையின் அளவு, எந்தச் சுவர் என்பவற்றை எழுதி வையுங்கள். சுவரில் ஈரம் ஏறி நிற்கும் விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் திகதியும் போடுங்கள். பிறகு யாரைக் கூப்பிட்டாலும் அந்தக் கோட்டைக் காட்டிப் பேசலாம்.

வீட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தால் மற்றதெல்லாம் இலகு. இந்தப் பகுதியில் குளிர்காலத்தில் நிலம் ஏறத்தாழ 1.2 மீற்றர் ஆழம்வரை உறையலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அத்திவாரம் அதற்கும் கீழே போகவேண்டும். அவ்வளவு ஆழம் கிண்டியபின் அதை ஓர் அறையாக்கினால் என்ன என்ற எண்ணத்தில் வந்ததுதான் பேஸ்மென்ற். கட்டும்போது வீட்டைவிடப் பெரிய கிடங்கு வெட்டி, சுவர் எழுப்பி, மிச்ச இடைவெளியைத் தளர்ந்த மண்ணால் நிரப்புவார்கள். சுற்றியிருக்கும் மண் இறுகிய களி. நடுவிலே நிரப்பிய மண் பொலபொலவென்று கிடக்கும். ஆக, உங்கள் வீடு ஒரு களிமண் சட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. கூரையில் விழுந்ததும் முற்றத்தில் விழுந்ததும் அந்தச் சட்டிக்குள்ளேதான் இறங்கும்.

அப்படி இறங்கும் தண்ணீரை வாங்கிக்கொண்டு போகத்தான் வீப்பிங் டைல். சுவர் நிற்கும் அகலமான கொங்கிறீட் பட்டையை ஃபுட்டிங் என்பார்கள். அதன் பக்கத்தில், வீட்டைச் சுற்றி, துளையுள்ள குழாய் ஒன்று படுத்திருக்கும். 1950களிலும் 60களிலும் கட்டிய, ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதி வீடுகளில் அது களிமண் ஓட்டுக் குழாய். ஏறத்தாழ ஓர் அடி நீளத் துண்டுகளை ஒட்டாமல் முட்டவைத்திருப்பார்கள்; இடைவெளியால் தண்ணீர் உள்ளே போகும். அதே இடைவெளியால் சேறும் மரவேரும் போகும். பிற்காலத்து வீடுகளில் நெளிவுள்ள பிளாஸ்ரிக் குழாய் இருக்கும்.

அறிகுறி: மழை கொட்டத் தொடங்கிச் சில மணி நேரத்திலேயே ஒரு மூலையில் ஈரம்

இது மேல்தண்ணீர். நிலத்தடி நீருக்கு இவ்வளவு அவசரம் கிடையாது. மண்வெட்டியைத் தொடமுதல் ஒரு குடையை எடுத்துக்கொண்டு மழைக்குள்ளேயே வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். வெயில் நாளில் எந்த நிபுணர் வந்து பார்த்தாலும் தெரியாதது அப்போது தெரியும்.

முதலில் அண்ணாந்து பீலியைப் பாருங்கள். மேப்பிள் இலையும் விதையும் அடைத்து, விளிம்பால் வழிந்து, நேரே சுவரடியில் கொட்டுகிறதா? 100 சதுர மீற்றர் கூரையில் 25 மி.மீ. மழை விழுந்தால் 2,500 லீற்றர் தண்ணீர். அது நாலு மூலையில் இருக்கும் இறங்குகுழாய்களால்தான் வரவேண்டும். ஒரு மூலையில் குழாய் கழன்று தொங்கினால், அந்த மூலையில் மட்டும் அறுநூறு லீற்றருக்கு மேல் சட்டிக்குள் போகிறது. 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் பதிவான மழை 126 மி.மீ. 2024 ஜூலை 16 அன்று கிட்டத்தட்ட 98. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இறங்குகுழாய் நிலத்துக்குள் போய் மறைகிறதா என்றும் பாருங்கள். பழைய வீடுகளில் கூரைத் தண்ணீரை நேரே நிலத்தடிக் குழாயில் விட்டிருப்பார்கள். ரொறன்ரோவில் இப்போது அதைத் துண்டித்து நிலத்துக்கு மேலே விடுவது கட்டாயம். அந்த விதி கட்டம் கட்டமாக வந்து 2016இல் நகரம் முழுவதுக்குமானது. துண்டித்தால் மட்டும் போதாது. அடியில் ஒரு முழங்கையை மாட்டிவிட்டு, குழாயின் வாய் சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிற்கிற வீடுகள் எத்தனையோ. அது இரண்டு மீற்றராவது தள்ளிப் போகவேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரை நோக்கியும் போகக்கூடாது. நீங்கள் தள்ளிவிட்ட தண்ணீர் அவர்களுடைய பேஸ்மென்றுக்குள் போனால் அதற்கு வேறு கதை தொடங்கும்.

அடுத்தது நிலத்தின் சரிவு. சுவரடியிலிருந்து முதல் 1.8 மீற்றருக்குள் நிலம் 15 செ.மீ. அளவு தாழ்ந்து போனால் நல்லது. வீடு கட்டியபோது அப்படித்தான் இருந்திருக்கும். பிறகு நிரப்பிய மண் ஆண்டாண்டாக அமர்ந்து, சரிவு வீட்டை நோக்கித் திரும்பிவிடும். இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள ஒடுக்கமான நடைபாதையில் இது அதிகம். அங்கே பதித்த சிலாப் கற்கள் சுவர்ப்பக்கம் சாய்ந்து, மழையில் சுவரோரம் குட்டை கட்டி நிற்கும். சரிசெய்யக் களி கலந்த மண் போட்டு இடித்து இறுக்குங்கள். தோட்டக் கடையில் விற்கும் கறுப்பு மண் வேண்டாம், அது தண்ணீரைக் குடித்துவிடும். மண்ணின் மேல்மட்டத்துக்கும் செங்கல் தொடங்கும் இடத்துக்கும் இடையில் அத்திவாரக் கொங்கிறீட் ஒரு சாண் அளவாவது வெளியே தெரியட்டும்.

இந்த இடத்தில் நம்மவர் வீடுகளுக்கென்றே ஒன்று சொல்லவேண்டும். தெற்கு வெயில் விழும் சுவரோரம் பார்த்து மிளகாயும் கத்தரியும் வைத்து, பாத்தி கட்டி, கோடை முழுக்கத் தண்ணீர் விடுகிறோம். பாத்தியின் வரம்பு தண்ணீரைச் சுவரடியிலேயே நிறுத்திவைக்கிறது. கத்தரிக்காய் நன்றாகத்தான் காய்க்கும், ஆனால் அந்தச் சுவரின் உட்பக்கத்தில் ட்ரைவால் என்ற உட்சுவர்ப் பலகையில் பூஞ்சணமும் பூக்கும். பாத்தியை வேலியோரம் கொண்டுபோங்கள், அல்லது பெரிய சாடிகளில் வையுங்கள். பின்முற்றம் முழுவதையும் இன்ரர்லொக் கல்லால் மூடியவர்களுக்கும் இதே கேள்விதான்: அதில் விழுகிற மழை எந்தப் பக்கம் ஓடுகிறது?

அறிகுறி: யன்னலுக்குக் கீழே ஈரம்

நிலமட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கும் யன்னலுக்கு வெளியே அரைவட்டத் தகரக் கிணறு இருக்கும். அதன் அடியில் கல் நிரப்பி, ஒரு குழாய் செங்குத்தாக இறங்கி வீப்பிங் டைலோடு சேரவேண்டும். இலையும் மண்ணும் நிறைந்து அது அடைபட்டால் கிணறு தொட்டியாகிவிடும். தண்ணீர் யன்னல் சட்டத்தால் உள்ளே வரும். கையால் அள்ளித் துப்புரவாக்கி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். சில நிமிடத்தில் வடிந்தால் சரி. நின்றால் குழாய் அடைபட்டிருக்கிறது, அல்லது குழாயே வைக்கவில்லை. பிளாஸ்ரிக் மூடி போடுவது நல்லதுதான், ஆனால் அந்த அறையில் யாராவது படுக்கிறார்கள் என்றால் உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும் மூடியாக இருக்கவேண்டும். தீ என்று வந்தால் அதுவே வெளியேறும் வழி.

அறிகுறி: சுவரில் ஒரே கோடாக அல்லது ஒரே புள்ளியாக ஒழுக்கு

1970களுக்குப் பிந்திய வீடுகளில் பெரும்பாலும் ஊற்றிய கொங்கிறீட் சுவர். கொங்கிறீட் இறுகும்போது சுருங்கி, யன்னல் மூலையிலிருந்து கீழ்நோக்கி மெல்லிய வெடிப்பு விடுவது வழமை. புள்ளியாக ஒழுகினால், ஊற்றும்போது பலகைகளைப் பிடித்திருந்த கம்பியின் துளையாக இருக்கலாம்.

இதற்காக வீட்டைச் சுற்றிக் கிண்டவேண்டியதில்லை. உள்ளிருந்தே வெடிப்புக்குள் பிசின் செலுத்தி அடைக்கலாம். ஈரமான வெடிப்புக்குப் பொலியூறித்தேன். அது தண்ணீரோடு சேர்ந்து நுரைத்து நிரப்பும், சுவர் கொஞ்சம் அசைந்தாலும் இழுபட்டுக் கொடுக்கும். காய்ந்த வெடிப்பைப் பலமாக ஒட்டவேண்டும் என்றால் எப்பொக்சி. மேலால் சீமெந்து பூசி மறைப்பது அடுத்த மழைவரைக்கும்தான் நிற்கும்.

எந்த வெடிப்பால் வருகிறது என்று நிச்சயமில்லை என்றால் தோட்டத்து ஹோஸ் குழாயால் சோதியுங்கள். உள்ளே ஒருவர் டோர்ச்சோடு நிற்க, வெளியே ஒரே இடத்தில் நிலத்தோடு வைத்து அரைமணி நேரம் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். பிறகு அடுத்த இடம். அவசரப்பட்டு எல்லா இடத்தையும் ஒன்றாக நனைத்தால் எதுவும் தெரியாது.

உள்ளே வெற்றறைகள் உள்ள கொங்கிறீட் புளொக் கல்லால் கட்டிய சுவரில் நடு உயரத்தில் கிடையாக வெடிப்பு ஓடி, சுவர் உள்ளே வயிறு தள்ளினால் அது வடிகால் விடயம் மட்டும் இல்லை. ஈரமண்ணும் உறைபனியும் சுவரைத் தள்ளுகின்றன. கட்டமைப்புப் பொறியியலாளர் வந்து பார்க்காமல் அந்தச் சுவரடியில் யாரையும் கிண்ட விடாதீர்கள்.

அறிகுறி: மழை நின்று ஒருநாள் கழித்து, சுவரும் தளமும் சேரும் மூலையில் தண்ணீர்

வீப்பிங் டைல் பற்றிப் பேசவேண்டிய இடம் இதுதான். மேலே சொன்ன பீலி, சரிவு எல்லாம் சரியாக இருந்தும், பெருமழைக்குப் பிறகோ பனி உருகும் காலத்திலோ, நிலம் முழுக்க ஊறியபின் மெதுவாகத் தளத்தின் ஓரத்தால் தண்ணீர் வருகிறது. ஒரு மூலையில் மட்டுமில்லாமல் சுவர் நீளத்துக்கும் வருகிறது. அப்படியென்றால் சட்டி நிரம்பிவிட்டது, வடிய வழியில்லை. புளொக் கல் சுவரில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. கல்லின் உள்ளறைகளில் தண்ணீர் தேங்கி, கீழ் இரண்டு வரிசை எப்போதும் கறுத்து ஈரமாக இருக்கும், மேலே வெள்ளைத் தூள் படியும். அந்தத் தூளைப் பூஞ்சணம் என்று பயப்படவேண்டாம். விரலால் தேய்த்துத் தண்ணீரில் போட்டால் கரையும், அது உப்பு. பூஞ்சணம் கரையாது. ஆனால் உப்புப் படிந்திருக்கிறது என்றால் அந்த வழியால் தண்ணீர் வந்துபோயிருக்கிறது என்று பொருள்.

கொன்ராக்ரரிடம் விலை கேட்க முதல், குழாயில் சேரும் தண்ணீர் கடைசியில் எங்கே போகும் என்று கேளுங்கள். புதுக்குழாய் போட்டு, அதன் முனையைப் பழைய அடைபட்ட களிக்குழாயோடு இணைத்துவிட்டுப் போனால் நீங்கள் ஒரு நிலத்தடித் தொட்டி கட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். தண்ணீர் போவதற்கு இரண்டு வழி உண்டு: தானாக ஓடக்கூடிய மழைநீர்க் குழாய், அல்லது உள்ளே தண்ணீர் வந்து சேரும் ஒரு சம்ப் கிடங்கும் அதை வெளியே இறைக்கும் பம்பும். சொந்தக் காணி மட்டமாகக் கிடக்கும் ரொறன்ரோ வீடுகளில் பெரும்பாலும் பம்ப்தான்.

அடுத்து, வெளியாலா உள்ளாலா? வெளியால் செய்வதில் சுவரே நனையாது. புளொக் சுவருக்கும் சிதைந்த பூச்சுக்கும் அதுவே சிறந்தது. ஆனால் பின்பக்கத்து டெக், முன்படி, டிரைவ்வே, காஸ் மீற்றர் எல்லாம் வழியில் நிற்கும். உள்ளால் செய்தால் சுவர் நனைவது நிற்காது. வந்த தண்ணீரைத் தளத்துக்கு ஏறவிடாமல் பிடித்துக் கிடங்குக்கு அனுப்புவது மட்டுமே நடக்கும். மலிவு, எந்தக் காலத்திலும் செய்யலாம், குழாய் அடைபட்டால் திரும்பத் திறப்பதும் சுலபம். ஊற்றிய கொங்கிறீட் சுவர் உறுதியாக இருந்து, ஓரத்தால் மட்டும் வருகிறது என்றால் நான் உள்வழியைத்தான் சொல்வேன். புளொக் சுவர் ஊறிப்போயிருந்தால், வசதிப்படி ஒரு பக்கமாவது வெளியால் கிண்டுவது நல்லது.

வெளிவேலை நடக்கும் ஒழுங்கு இது. கிண்டமுதல் ஒன்ராறியோ வன் கோல் என்ற சேவைக்கு அறிவிக்கவேண்டும். இது சட்டம், கட்டணம் இல்லை. காஸ் குழாய், மின்சார, தொலைபேசி வயர்கள் போகும் இடத்தை வந்து நிறக்கோடு போட்டுக் காட்டுவார்கள். கிடங்கு 1.2 மீற்றருக்கு மேல் ஆழமானால் பக்கச் சுவரைச் சரிவாக வெட்டவோ பலகை முட்டுக் கொடுக்கவோ வேண்டும் என்பது தொழிலாளர் பாதுகாப்பு விதி. மண்சரிந்து ஆள் புதைவது சில நொடிகளில் நடந்துவிடும். மருமகனும் நண்பர்களும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை முடிக்கக்கூடிய வேலை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

ஃபுட்டிங் தெரியும்வரைக்கும் கிண்டலாம், அதற்குக் கீழே ஓர் அங்குலமும் போகக்கூடாது. ஃபுட்டிங்கின் அடிமண்ணைப் பறித்தால் வீடு இறங்கும். சுவரைக் கழுவி, உதிர்ந்த பூச்சைச் சுரண்டி, புளொக் என்றால் சீமெந்து பூசி, காய்ந்தபின் ரப்பர்த் தன்மையுள்ள தார்ப்பூச்சு. அதற்குமேல் டிம்பிள் மெம்பிறேன் என்ற குமிழ் குமிழான பிளாஸ்ரிக் தாள், குமிழ் சுவரைப் பார்த்தபடி. மண்ணுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு காற்றிடைவெளி கிடைக்கும், வருகிற தண்ணீர் அதற்குள்ளால் நேரே கீழே இறங்கும். மெம்பிறேனின் மேல்விளிம்பு நிலமட்டத்துக்கு மேலே வந்து, பட்டி வைத்து ஆணியடித்திருக்கவேண்டும். நிலத்துக்குக் கீழே வாய் திறந்தபடி விட்டால் மண் உள்ளே விழுந்து அந்த இடைவெளியே அடைபட்டுவிடும்.

குழாய் 100 மி.மீ. விட்டம். அதன் உச்சி பேஸ்மென்ற் தளத்தின் அடிமட்டத்துக்குக் கீழே இருக்கவேண்டும், இல்லையென்றால் குழாய் நிரம்பமுதலே தளம் நனைந்துவிடும். இரண்டு வரிசைத் துளையுள்ள விறைப்பான குழாய் என்றால் துளை கீழ்ப்பக்கம் பார்க்கவேண்டும். பலர் மேலே பார்க்க வைத்துவிடுகிறார்கள், மழை மேலிருந்து வருகிறது என்ற நினைப்பில். நிலத்துக்குள் தண்ணீர் கீழிருந்து ஏறிவருகிறது. துளை மேலே இருந்தால் குழாயின் உச்சி வரைக்கும் மட்டம் ஏறினால்தான் உள்ளே போகும். குழாய்க்கு மேல் குறைந்தது 150 மி.மீ. உயரத்துக்குத் தூசி இல்லாத 19 மி.மீ. கல். கிளியர் ஸ்ரோன் என்று கேட்டால் கொண்டுவருவார்கள். கல்லைச் சுற்றி ஃபில்ற்றர் துணி. மூலைகளில் நிலமட்டம்வரை ஒரு துப்புரவுக் குழாய் நிமிர்த்திவைக்கச் சொல்லுங்கள், பிற்காலத்தில் ஹோஸ் விட்டுக் கழுவலாம். நிரப்பும் மண்ணை ஓர் அடி ஓர் அடியாகப் போட்டு இறுக்கி, கடைசி ஓர் அடி களிமண்ணாக, வீட்டிலிருந்து வெளியே சரிவாக.

உள்வேலை என்றால், சுவரோரம் தளத்தை ஒன்று ஒன்றரை அடி அகலத்துக்கு வெட்டி, ஃபுட்டிங்குக்குப் பக்கத்தில் (கீழே அல்ல) குழாயும் கல்லும் வைத்து, சுவரில் டிம்பிள் பலகையை ஏற்றி, புளொக் சுவராயின் கீழ் வரிசையில் ஒவ்வோர் உள்ளறைக்கும் துளையிட்டு, எல்லாவற்றையும் கிடங்குக்கு விட்டு மேலே கொங்கிறீட் ஊற்றுவார்கள். அந்தத் துளையிடும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். ஊறிய சுவர் என்றால், ட்ரில்லை வெளியே எடுத்ததும் துரு நிறத் தண்ணீர் பீறிட்டு வரும், சில அறைகளிலிருந்து நெடுநேரம் ஓடும். சுவருக்குள்ளே எவ்வளவு கிடந்தது என்பது அப்போதுதான் புரியும். துளையிட்டும் சொட்டுக்கூட வராத அறைகளை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எந்தப் பக்கம் வெளியால் கிண்டவேண்டும் என்று பேச உதவும்.

அறிகுறி: தளத்து வடிகாலாலோ பேஸ்மென்ற் கழிவறையாலோ தண்ணீர் மேலே வருகிறது

மணமே சொல்லிவிடும். தெருக்குழாய் நிரம்பிப் பின்னோக்கித் தள்ளுகிறது. ரொறன்ரோவின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் தெருக்கள் இன்னும் உண்டு. வெளியே எவ்வளவு கிண்டினாலும் இது நிற்காது. தேவையானது தெருக்குழாய்த் தண்ணீரைத் திரும்பி வரவிடாத பக்வோற்றர் வால்வு, அதற்குப் பெர்மிட்டும் உரிமம் பெற்ற பிளம்பரும் வேண்டும்.

வால்வு போட்டும் தண்ணீர் வந்தது என்பவர்கள் இரண்டு விடயத்தைப் பார்க்கவேண்டும். வால்வு மூடியிருக்கும்போது வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகமுடியாது. புயல்மழை நேரத்தில் மேல்மாடியில் ஒருவர் குளித்தால், அந்தத் தண்ணீர் பேஸ்மென்றில்தான் வந்து நிற்கும். கீழே வாடகைக்கு இருப்பவர்களோடு மேலே இருப்பவர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்கவேண்டும். மற்றது, பழைய வீடுகளில் வீப்பிங் டைல் கழிவுநீர்க் குழாயோடு சேர்ந்திருக்கும். வால்வு மூடியதும் வீட்டைச் சுற்றிச் சேரும் மழைநீர் போக வழியின்றி அதே தளத்து வடிகாலால் உள்ளே ஏறும். இதில் மணம் குறைவு, தண்ணீர் தெளிவு. அந்த இணைப்பைத் துண்டித்து அடைத்து, வீப்பிங் டைலைச் சம்ப் கிடங்குக்குத் திருப்பவேண்டும். வால்வு, சம்ப் பம்ப், இந்தத் துண்டிப்பு மூன்றுக்கும் ரொறன்ரோ நகரசபையிடம் மானியத் திட்டம் உண்டு. தொகையும் நிபந்தனையும் மாறும் என்பதால் ஒப்பந்தம் எழுதமுதல் நகரசபைப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். வேலை முடிந்தபின் படித்து வருந்துவோர்தான் அதிகம்.

காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். கழிவுநீர் பின்னோக்கி வருவதற்கும், நிலத்தால் ஓடிவரும் வெள்ளத்துக்கும் பொதுவாகத் தனித்தனிச் சேர்க்கை வாங்கவேண்டும். சுவரால் மெதுவாகக் கசிந்ததற்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது.

அறிகுறி: சம்ப் பம்ப் நிற்காமல் ஓடுகிறது, அல்லது ஓடவே இல்லை

நிற்காமல் ஓடினால், பம்ப் வெளியே தள்ளும் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். சுவரடியில் விழுந்து, அதே சட்டிக்குள் இறங்கி, அதே கிடங்குக்கு வந்து, பம்ப் ஒரே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி இறைத்துக்கொண்டிருக்கும். பம்ப் நின்றதும் குழாயிலிருந்து 'மடமட' என்று தண்ணீர் திரும்பி விழுந்தால், இறைத்த தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் செக் வால்வு பழுதாகிவிட்டது. இரண்டும் சரி, வாரக்கணக்கில் மழையும் இல்லை, ஆனாலும் ஓடுகிறது என்றால் தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் குடிநீர்க் குழாய் உடைந்திருக்கலாம். நீச்சல் குளத்துக் குளோரின் சோதனைத் தாள் ஒன்றைக் கிடங்குத் தண்ணீரில் தொட்டுப் பாருங்கள். நிறம் மாறினால் அது நகரசபைத் தண்ணீர். நிறம் மாறாதது எதையும் நிரூபிக்காது, மண்ணுக்குள்ளால் வரும் வழியில் குளோரின் போய்விடக்கூடும்.

ஓடாத பம்புக்குப் பொதுவான காரணம் மிதவை கிடங்கின் சுவரில் சிக்கியிருப்பது. ஒரு வாளி தண்ணீரை மெதுவாக ஊற்றி, மிதவை எழுந்து பம்ப் இயங்கி நிற்கிறதா என்று பருவத்துக்கு ஒருமுறை பாருங்கள். பெருமழையும் மின்வெட்டும் கூடவே வரும். 2013 ஜூலையில் அதுதான் நடந்தது. பற்றரியில் ஓடும் இரண்டாவது பம்ப் இல்லாத கிடங்கை நான் முடிந்த வேலையாகக் கணக்கெடுப்பதில்லை. ஜனவரியில் பம்ப் உறுமிக்கொண்டு தண்ணீர் போகவில்லை என்றால் வெளிக்குழாய் உறைந்திருக்கிறது. குழாய் முழுக்க வெளியே சரிந்து, ஒரு துளியும் தேங்காமல் வடியும்படி இருந்தால் உறைவது அரிது.

அறிகுறி: மழையே இல்லை, ஆனாலும் கோடையில் சுவர் வியர்க்கிறது

ஜூலையின் வெக்கைக் காற்று குளிர்ந்த கொங்கிறீட்டில் பட்டுத் தண்ணீராகிறது. இரண்டடிச் சதுரப் பிளாஸ்ரிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் ரேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறைப்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம்; சுவர்ப்பக்கம் நனைந்தால் சுவரால் வருவது. காற்று என்றால் யன்னலைத் திறந்துவைப்பது நிலைமையைக் கூட்டும். மூடிவிட்டு, ஈரமுறிஞ்சும் இயந்திரம் ஒன்றை 50 சதவீதத்துக்கு வைத்து ஓட்டுங்கள். கீழே சமைக்கிறார்கள், குளிக்கிறார்கள் என்றால் வெளியே ஊதும் விசிறி வேலை செய்கிறதா என்பதும் முக்கியம். அரிசிப் பானை ஆவி முழுவதும் போக வேறு இடமில்லை.

அறிகுறி: புதிதாக வடிகால் போட்டும் தண்ணீர் வருகிறது

பெருமழைக்குப் பிறகு கிடங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். சுவரோரம் ஈரம், கிடங்கோ காய்ந்து கிடக்கிறது என்றால் தண்ணீர் குழாய்க்குள் வரவில்லை: எதிர்ச்சரிவு, நசுங்கிய குழாய், அல்லது இணைக்காமல் விட்ட மூலை. கமராவை உள்ளே விட்டுப் பார்ப்பதற்குக் கொன்ராக்ரர்தான் பொறுப்பு. உத்தரவாதப் பத்திரத்தில் அது எழுதியிருக்கிறதா என்று பணம் கொடுக்கமுதல் பார்த்திருக்கவேண்டும். கிடங்கு நிரம்பியிருந்தும் பம்ப் ஓடவில்லை என்றால் பிரச்சினை பம்பில்தான், குழாயைக் குறைசொல்லிப் பயனில்லை.

கிடங்கிலும் குழாய் வாயிலும் செம்மஞ்சள் நிறத்தில் வழுவழுப்பான கூழ் படிந்தால் அது நிலத்தடி நீரிலுள்ள இரும்பைத் தின்னும் பக்ரீரியாவின் வேலை. ஒருமுறை கழுவி முடியாது, திரும்ப வரும். துப்புரவுக் குழாய் வைக்கச் சொன்னது இதற்கும்தான். ஆண்டுக்கு ஒருமுறை அழுத்த நீரால் கழுவவேண்டியிருக்கும், துணி சுற்றிய குழாய் என்றால் துணியே முதலில் அடைபடும்.

வெளியால் கிண்டிய வீடு என்றால், அடுத்த வசந்தத்தில் நிரப்பிய மண் அமர்ந்து சுவரோரம் பள்ளம் விழும். அரை அடி இறங்கினாலும் வியப்பில்லை. மேலே இன்ரர்லொக் கல்லை உடனே பதித்தவர்களுக்குக் கல் வீட்டுப்பக்கம் சாயும், மழை மறுபடி சுவரடிக்கு வரும். முதல் இரண்டு குளிர்காலம் வெறும் மண்ணும் புல்லுமாக விட்டுவைத்து, ஏப்ரலில் பள்ளம் விழுந்த இடத்தில் இன்னும் சில வாளி களிமண் போட்டு மிதித்துவிட்டு, அதன்பிறகு கல் பதிக்க ஆளைக் கூப்பிடுங்கள்.